கையெழுத்துப் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவது ஒன்றுதான் வழியா?

பாலாற்றங்கரை
9 பிப்ரவரி 2025, இரவு 10.15

போன மாதம் 30ஆம் தேதி கர்நாடக அரசு ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. இனிப் பிழைக்க வழியில்லாத நோயாளிக்கு வென்டிலேட்டர் போன்றவற்றை நிறுத்துவதா வேண்டாமா என்று மருத்துவமனைகள் எப்படி முடிவு செய்ய வேண்டும், அதற்கு எந்தக் குழு கூட வேண்டும் என்று அதில் இருக்கிறது. அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து எனக்கு 2019 திரும்பத் திரும்ப வருகிறது. யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. இங்கே சொல்கிறேன்.

என் நைனா குடியாத்தத்தில் லுங்கித் தறி நெய்தவர். நுரையீரலில் புற்றுநோய் என்று தெரிந்தபோதே அது முதுகெலும்பு வரை போயிருந்தது. "எனக்கு மூச்சு வாங்குனா எங்கேயும் தூக்கிக்கிட்டு ஓடாதீங்கடா, இந்தத் திண்ணையிலேயே விட்டுடுங்க" என்று இரண்டு மூன்று முறை சொன்னார். "அப்படியெல்லாம் பேசாத நைனா" என்று நாங்கள் அவர் வாயை அடைத்தோம். அதுதான் பாசம் என்று நினைத்தோம்.

மூச்சு வாங்கிய இரவில் தூக்கிக்கொண்டுதான் ஓடினோம். வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனை. ஐசியூ, தொண்டையில் டியூப், வென்டிலேட்டர். 11 நாள். டியூபைப் பிடுங்கிவிடுவார் என்று இரண்டு கைகளையும் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் பார்க்க விடுவார்கள். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுவார். வேண்டாம் என்றாரா, வலிக்கிறது என்றாரா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அம்மாவின் சரடும் இரண்டு தறியும் போயின.

பதினோராம் நாள் மருத்துவர் கூப்பிட்டு, இதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை என்றார். சரி, அப்படியென்றால் எடுத்துவிடுங்கள் என்றேன். "நாங்க எடுத்தா கேஸ் ஆயிடும். வேணும்னா கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். தாளைக் கொடுத்தார்கள். "மருத்துவரின் ஆலோசனைக்கு மாறாக, எங்கள் சொந்தப் பொறுப்பில்" என்று இருந்தது. அவர் சொல்லித்தானே கூட்டிப்போகிறேன், மாறாக என்று ஏன் போட வேண்டும்? கேட்கும் தெம்பு எனக்கு அன்றைக்கு இல்லை. போட்டுவிட்டேன்.

ஆம்புலன்ஸில் ஒரு பையன், இருபது வயது இருக்கும், கையால் காற்றுப் பையை அழுத்திக்கொண்டே வந்தான். பள்ளிகொண்டா டோல்கேட்டில் நின்றபோது கை மாற்ற ஆளில்லாமல் நான் அழுத்தினேன். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பையனே டியூபை எடுத்தான். நைனா இரண்டு மணி நேரம் இழுத்தார். அந்தச் சத்தம் தெருவுக்கே கேட்டது. பால் ஊற்றினோம். எல்லோரும் "சொந்தத் திண்ணையில போச்சு, புண்ணியவான்" என்றார்கள்.

ஆறு வருடமாக என் மனசில் இருப்பது ஒன்றுதான். நைனாவைக் கொன்றது என் கையெழுத்தா? சட்டப்படி வேறு வழி இருந்ததா? அம்மாவுக்கு இப்போது 76. அவருக்கு இப்படி நடக்கக் கூடாது.

வாலாஜா_மருமகள்
9 பிப்ரவரி, இரவு 10.52

அண்ணா, அதே வாசகம் உள்ள தாளில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், என் மாமனாருக்காக. "மாறாக" என்ற சொல்லை இத்தனை வருடம் கழித்து இன்றைக்குத்தான் நின்று படிக்கிறேன். நீங்கள் கொல்லவில்லை. அவர் கேட்டதை 11 நாள் தாமதமாகச் செய்தீர்கள். அவ்வளவுதான்.

சத்துவாச்சாரி_வக்கீல்
10 பிப்ரவரி, காலை 7.05

ஐயா, முதலில் உங்கள் கேள்விக்கே பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் செய்தது குற்றம் இல்லை. அந்த மருத்துவர் சொன்னதும் முழுப் பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை.

மும்பை கேஇஎம் மருத்துவமனையில் செவிலியராக இருந்த அருணா ஷான்பாகை 1973இல் அங்கேயே வேலை பார்த்த ஒருவன் தாக்கினான். அவர் 42 வருடம் நினைவு திரும்பாமல் அதே மருத்துவமனையில் கிடந்தார். அவருக்கு உணவை நிறுத்த அனுமதி கேட்டு வந்த வழக்கில் 2011 மார்ச் 7 அன்று உச்ச நீதிமன்றம் மறுத்தது. பெற்ற பிள்ளை போல அவரைப் பார்த்துக்கொண்ட செவிலியர்கள் வேண்டாம் என்று நின்றார்கள். ஆனால் அதே தீர்ப்பில், உயர் நீதிமன்றத்தின் அனுமதியோடு உயிர்க் கருவிகளை நிறுத்தலாம் என்று முதல் முறையாக வழி விட்டார்கள். அருணா 2015 மே மாதம் நிமோனியாவில் இறந்தார்.

அடுத்தது 2018 மார்ச் 9, காமன் காஸ் என்ற அமைப்பு போட்ட வழக்கு. ஐந்து நீதிபதிகள். கண்ணியமாக இறப்பது அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவில் உள்ள உயிர் வாழும் உரிமையிலேயே அடங்கும் என்றார்கள். "எனக்கு இந்த நிலை வந்தால் இந்தச் சிகிச்சை வேண்டாம்" என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்றார்கள். அதைத்தான் லிவிங் வில், வாழும் உயில் என்கிறோம். ஆக, உங்கள் நைனா திண்ணையில் உட்கார்ந்து சொன்னாரே, அதற்குச் சட்டத்தில் அப்போதே இடம் இருந்தது. ஆனால் நடைமுறையை மலை ஏறுவதுபோல வைத்திருந்தார்கள். உயிலில் முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் கையெழுத்திட வேண்டும், கலெக்டர் ஒரு மருத்துவக் குழு அமைக்க வேண்டும், மாஜிஸ்திரேட் ஐசியூவுக்கே வந்து பார்க்க வேண்டும். எந்த மருத்துவமனை இதற்கெல்லாம் அலையும்? தாளில் கையெழுத்து வாங்கி அனுப்புவதுதான் சுலபம்.

2023 ஜனவரி 24இல் அதைத் தளர்த்திவிட்டார்கள். இப்போது இரண்டு சாட்சி, ஒரு நோட்டரி அல்லது கெஜட்டட் ஆபீசர் போதும். மருத்துவமனையிலேயே முதல் குழு: சிகிச்சை தரும் மருத்துவரோடு, 5 வருட அனுபவமாவது உள்ள இரண்டு நிபுணர்கள். அதன் பின் இரண்டாம் குழு, அதில் மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் ஒரு மருத்துவர் இருப்பார். ஒவ்வொரு குழுவும் முடிந்தவரை 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். இரண்டு குழுவும் ஒத்துப்போனால் மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் சொன்னால் போதும். உயில் எழுதாமலே நினைவிழந்தவருக்கும் குடும்பத்தாரின் சம்மதத்தோடு இதே வழி உண்டு. கர்நாடகம் செய்திருப்பது இதை மாநிலம் முழுக்க நடைமுறைப்படுத்தும் ஏற்பாடு. தமிழ்நாட்டிலும் தீர்ப்பு அப்படியே செல்லும்.

ஊசி போட்டு உயிரை முடிப்பது வேறு. அது இந்தியாவில் இன்றும் குற்றம்.

காட்பாடி_சிஸ்டர்
10 பிப்ரவரி, பிற்பகல் 2.30

தம்பி, 34 வருடம் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். கடைசி ஒன்பது வருடம் வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் பேலியேட்டிவ் கேரில்தான், அதாவது தீராத நோயாளியின் வலியையும் தவிப்பையும் குறைக்கும் பராமரிப்பில்தான் இருந்தேன். வக்கீல் சார் சட்டத்தைச் சொல்லிவிட்டார். எனக்கு அந்த இரண்டு மணி நேரத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

அது நடந்திருக்கவே வேண்டியதில்லை. டியூபை எடுக்கும் முன் மார்பினும், பதற்றத்தைத் தணிக்கும் மருந்தும் கொடுத்துவிட்டு, அவை வேலை செய்கின்றனவா என்று பக்கத்தில் இருந்து பார்த்து, அதன் பிறகு எடுத்திருந்தால் அவர் தூங்கியபடியே போயிருப்பார். மார்பின் வலிக்கு மட்டும் உள்ள மருந்து என்று நினைக்கிறோம். மூச்சுத் திணறும் தவிப்பையும் அது குறைக்கும். அளவோடு கொடுத்தால் அது உயிரை எடுப்பதில்லை. எத்தனை வீட்டில் இதை நான் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லியிருக்கிறேன்!

ஏன் கிடைக்கவில்லை என்றால், 1985இல் போதைப்பொருள் சட்டம் வந்தது. ஒரு மாத்திரை வாங்கி வைக்க மருத்துவமனை நாலைந்து உரிமம் எடுக்க வேண்டியிருந்தது. ஒன்று வருவதற்குள் இன்னொன்று காலாவதி ஆகும். பயந்துபோய்ப் பலர் மார்பினை வைப்பதையே விட்டுவிட்டார்கள். ஒரு தலைமுறை மருத்துவர்கள் அதை எழுதிப் பழகாமலே படித்து முடித்தார்கள். 2014இல் சட்டத்தைத் திருத்தி ஒரே உரிமம் போதும் என்றார்கள். மருந்தின் விலையும் அதிகம் இல்லை. ஆனால் விட்டுப்போன பழக்கம் உடனே திரும்பி வராது. கேரளாவில் 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ராஜகோபாலும் சில பேரும் தொடங்கிய பேலியேட்டிவ் கேர், ஊர் ஊராகத் தொண்டர்கள் கை கொடுத்து இன்றைக்கு வீட்டு வாசல் வரை போயிருக்கிறது. நம் பக்கம் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டிலேயே பார்க்கும் சேவையும் உண்டு. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்க் கேளுங்கள். கேட்காத வீட்டுக்கு அவர்களுக்கும் வழி தெரியாது.

இன்னொன்று. கடைசி நாட்களில் சாப்பாடு இறங்காதபோது, "பட்டினி போட்டுக் கொன்னுட்டோம்" என்று வீட்டுப் பெண்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். இறக்கப்போகும் உடம்பு பசியை விட்டுவிடுகிறது. அந்த நேரத்தில் கஞ்சியை ஊட்டினால் அது நுரையீரலுக்குள் போய்விடும். ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்துவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு உட்காருங்கள்.

பாகாயம்_72
10 பிப்ரவரி, இரவு 11.40

வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றால் எழுதுகிறேன். தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மோட்டார் நியூரான் நோய், தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாக அழிந்துபோவது. 2022இல் கண்டுபிடித்தார்கள். ராணிப்பேட்டையில் 31 வருடம் வெல்டிங் ஆய்வாளராக இருந்தேன். இப்போது சட்டைப் பொத்தான் போட இன்னொருவர் வேண்டும். அடுத்து விழுங்குவது, அதற்கடுத்துப் பேச்சு, கடைசியில் மூச்சு போகும் என்று சொல்லியிருக்கிறார்கள். அறிவு மட்டும் பெரும்பாலும் கடைசி வரை தெளிவாக இருக்கும்.

வக்கீல் சார் சொன்ன சட்டம் முழுவதும் மெஷினை நிறுத்துவது பற்றியது. நான் மெஷினில் இல்லை. என்னிடமிருந்து எடுக்க எதுவும் இல்லை. மூச்சு நின்றுபோகும் கட்டம் வரை நான் காத்திருந்தால்தான் சட்டம் என்னைத் திரும்பிப் பார்க்கும்.

அமெரிக்காவில் ஒரிகான் மாநிலத்தில், மருத்துவர் எழுதித் தரும் மருந்தால் நோயாளி தன் உயிரை முடித்துக்கொள்ள அனுமதிக்கும் ஒரு சட்டம் 1997 முதல் நடைமுறையில் இருக்கிறது. 18 வயதுக்கு மேல், ஆறு மாதத்துக்குள் இறப்பு என்று இரண்டு மருத்துவர்கள் உறுதி சொல்ல வேண்டும், தெளிவான மனதோடு திரும்பவும் கேட்க வேண்டும், எழுதியும் தர வேண்டும். மருந்தை நோயாளி தானே எடுத்துக்கொள்ள வேண்டும், யாரும் கொடுக்கக் கூடாது. வாங்கி வைத்தவர்களில் ஒரு பகுதியினர் அதைத் தொடாமலே இயற்கையாக இறக்கிறார்கள். அது கையில் இருக்கிறது என்ற நிம்மதியே அவர்களுக்குப் போதுமாக இருந்திருக்கிறது. அங்கே மக்கள் சொல்லும் முதல் காரணம் வலி அல்ல. தன் வாழ்க்கை தன் கையை விட்டுப் போவது. 2024 நவம்பர் 29 அன்று பிரிட்டன் நாடாளுமன்றத்தில் இப்படி ஒரு மசோதாவுக்கு 330 பேர் ஆதரவாகவும் 275 பேர் எதிராகவும் வாக்களித்திருக்கிறார்கள்.

சிஸ்டர், உங்கள் மார்பின் பெரிய விஷயம். மறுக்கவில்லை. ஆனால் எனக்கு இன்றைக்கு வலி இல்லை. நான் கேட்பது, முடிவு நெருங்கும்போது தேதியைச் சொல்லும் உரிமை. இந்த நாட்டில் இதைப் பேசவாவது வேண்டும்.

ஒருங்கிணைப்பாளர்
11 பிப்ரவரி, காலை 6.20

பாகாயம் ஐயா, எழுதியதற்கு நன்றி. உங்களுக்குத் தனிச் செய்தி அனுப்பியிருக்கிறேன், பாருங்கள். எல்லோருக்கும்: சட்டம், சிகிச்சை, அனுபவம் எதையும் பேசலாம். எந்த வழிமுறையையும் இங்கே எழுதக் கூடாது. படிப்பவர்களில் யாருக்காவது இப்போதே வாழ்க்கை வேண்டாம் என்று தோன்றினால் 14416 டெலிமானஸ், அல்லது 104. இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.

ஆம்பூர்_தோல்கிடங்கு
11 பிப்ரவரி, இரவு 9.10

பாகாயம் ஐயா, நேற்று உங்கள் பதிவைப் படித்தேன். இன்று இஷா தொழுகைக்குப் பிறகு உங்களுக்காக துஆ செய்தேன். அதைச் சொல்லிவிட்டுத்தான் மாறுபட்டுப் பேச மனம் வருகிறது.

உயிர் அல்லாஹ் கொடுத்த அமானிதம். அதை வைத்துக் காக்கத்தான் நமக்கு உரிமை, முடிக்க இல்லை. அந்த மருந்துச் சட்டத்தை என்னால் ஏற்க முடியாது. ஆனால் வென்டிலேட்டர் வேண்டாம் என்பதும் அதே பாவம்தான் என்று எங்கள் தெருவில் பலர் நினைக்கிறார்கள். என் அம்மாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய், வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நடந்தது. கடைசியில் கனவிலும் ஊசி என்று அலறுவார். "போதும் மகனே" என்றார். என் அண்ணன்கள் ஒப்பவில்லை. ஒரு ஆலிமிடம் போய்க் கேட்டேன். பயன் இல்லை என்று மருத்துவர்கள் சொல்லும் சிகிச்சையைத் தொடர வேண்டும் என்று மார்க்கம் கட்டாயப்படுத்தவில்லை, தண்ணீரும் பராமரிப்பும் அன்பும் மட்டும் குறையக் கூடாது என்றார். நிறுத்தினோம். ஒன்பது நாள் இருந்தார். ஒன்பது நாளும் வீடு நிறைய ஆள். பேரன் பேத்தி எல்லோருக்கும் பேர் சொல்லி துஆ கேட்டார். என்னைப் பொறுத்தவரை விடுவது வேறு, முடிப்பது வேறு.

டொராண்டோ_குடியாத்தம்
12 பிப்ரவரி, அதிகாலை 4.45

பாலாற்றங்கரை அண்ணா, நான் நெல்லூர்ப்பேட்டைப் பெண். 17 வருடமாகக் கனடாவில். பாகாயம் ஐயா கேட்பது போல, நோயாளி கேட்டால் மருந்து கொடுத்து உயிரை முடிக்க அனுமதிக்கும் சட்டம் இங்கே 2016 முதல் இருக்கிறது. மருத்துவரோ, அதற்கான பயிற்சி பெற்ற செவிலியரோ கொடுக்கலாம்.

என்னோடு வேலை பார்த்தவர், 61 வயது, கணையப் புற்றுநோய். ஒரு புதன்கிழமை காலை 11 மணி என்று குறித்தார். முந்தின ஞாயிறு எங்கள் எல்லோரையும் வீட்டுக்கு அழைத்தார். நான் தயிர் சாதம் செய்து எடுத்துப்போனேன், அவருக்குப் பிடிக்கும் என்று. இரண்டு ஸ்பூன் சாப்பிட்டார். நான் அங்கே அழவில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன். அவர் முகத்தில் பயம் இல்லாததை என்னால் மறக்க முடியாது. பாகாயம் ஐயா கேட்பது என்ன என்று அன்றைக்குப் புரிந்தது.

ஆனால் இன்னொரு பக்கமும் இங்கே இருக்கிறது. 2021இல் சட்டத்தை விரித்தார்கள். மரணம் நெருங்காவிட்டாலும், தீராத நோயோ ஊனமோ தாங்க முடியாத துன்பம் தந்தால் கேட்கலாம் என்றாக்கினார்கள். அவர்களைக் குறைந்தது 90 நாள் பரிசீலிக்க வேண்டும். மனநோய் மட்டுமே உள்ளவர்களுக்கும் திறப்பதாக இருந்தது. நாடே பதறி, 2027 மார்ச் வரை தள்ளி வைத்திருக்கிறார்கள். மாற்றுத்திறனாளிகள் பலர் கோபமாக இருக்கிறார்கள். சக்கர நாற்காலி போகிற வீடு கேட்டால் வருடக் கணக்கில் காத்திருக்கச் சொல்லும் அரசு, சாவைக் கேட்டால் மூன்று மாதத்தில் தருகிறதே என்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. நம் ஊரில் அந்தக் கேள்வி இன்னும் பெரிதாக வரும்.

வாலாஜா_மருமகள்
12 பிப்ரவரி, பிற்பகல் 3.15

வரும் என்ன அக்கா, வந்துவிட்டது. எங்கள் வீட்டிலேயே இருக்கிறது.

மாமியாருக்குப் பக்கவாதம் வந்து ஆறு வருடம். இடது பக்கம் முழுதும் போச்சு. முதியோர் பென்ஷன் மாதம் 1,200. டயப்பருக்கே போதாது. பாக்கெட்டைப் பிரிக்கும் சத்தம் கேட்டால், "என்னை ஏதாவது பண்ணிடும்மா, உனக்குப் பாரமா கெடக்குறேன்" என்பார். நாளைக்குச் சட்டம் வந்து ஒரு படிவம் நீட்டினால் என் மாமியார் அன்றைக்கே கைநாட்டு வைத்துவிடுவார். சாக ஆசைப்பட்டு இல்லை, எனக்காக. இதைத் தெளிவான மனதோடு கேட்டார் என்று இரண்டு மருத்துவர்கள் எழுதியும் கொடுப்பார்கள். ஏனென்றால் அவர் தெளிவாகத்தான் இருக்கிறார்.

தெற்கே தலைக்கூத்தல் என்று ஒன்று நடந்ததை நாம் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். வயசானவர்களை வீட்டார் கூடி முடித்துவிடுவது. அதையும் கருணை என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். அது கொலை.

போன வருடம் பிசியோதெரபி பெண் வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். கமோடு வைத்த நாற்காலி ஒன்று கிடைத்தது. மாமியார் அதில் உட்கார்ந்து வாசலைப் பார்க்கிறார். நாலு மாதமாக "பண்ணிடும்மா" என்ற பேச்சே இல்லை. ஒரு நாற்காலி, ஐயா. அந்த நாற்காலி வருவதற்கு முன்னால் படிவம் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே முடியவில்லை.

போளூர்_நயினார்
12 பிப்ரவரி, இரவு 8.00

வடார்க்காட்டுச் சமணர்கள் நாங்கள். ஒரு வார்த்தை சொல்ல ஆசை.

செஞ்சி பக்கத்தில் திருநாதர்குன்று இருக்கிறது. சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்ததை அங்கே பாறையில் பொறித்திருக்கிறார்கள். எங்களுக்கு அது சல்லேகனை. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்ததும் எல்லோருக்கும் தெரிந்ததே. 2015இல் ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் இது தற்கொலை என்று தடை செய்தது. அதே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது.

இதை நான் சொல்வது பெருமைக்காக இல்லை. என் பாட்டனாரின் அக்கா 80 வயது தாண்டி நோன்பு கேட்டபோது முதலில் மறுத்துவிட்டார்கள். மருமகளோடு சண்டை போட்ட வாரம் அது. கோபத்தில், துக்கத்தில், அவமானத்தில், பாரமாகிவிட்டோம் என்ற நினைப்பில் கேட்டால் அது நோன்பு ஆகாது என்பது எங்கள் முறை. ஒரு வருடம் கழித்து, சண்டையெல்லாம் தீர்ந்து, எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டு முடித்த பிறகுதான் சம்மதித்தார்கள். வாலாஜா அம்மா சொல்லும் பயத்துக்கு அந்தக் காலத்திலேயே யோசித்திருக்கிறார்கள். இரண்டு மருத்துவர்கள் அரை மணி நேரம் பேசி அதைக் கண்டுபிடிக்க முடியுமா என்பது எனக்குச் சந்தேகம்.

பாகாயம்_72
13 பிப்ரவரி, அதிகாலை 1.20

வாலாஜா தங்கை, உங்கள் பதிவை மூன்று முறை படித்தேன். உங்கள் மாமியாருக்கு அந்தப் படிவத்தை நீட்டக் கூடாது. சம்மதம்.

ஆனால் அவரைக் காக்க என்னைக் கட்டிப்போட வேண்டுமா? நான் கோபத்தில் கேட்கவில்லை. என் பிள்ளைகள் என்னைப் பாரமாக நினைக்கவில்லை. என் மனைவி நேற்று எனக்கு முடி வெட்டிவிட்டாள். இவ்வளவும் இருந்தும் கேட்கிறேன். அவர்களுக்கு நாற்காலி, எனக்கு உரிமை. ஒன்று வந்த பிறகுதான் இன்னொன்று என்றால், எனக்குக் காலம் இல்லை.

சிஸ்டர், ஒரு கேள்வி. மூச்சு போகும் கட்டத்தில் நான் தொண்டையில் துளை போட்டு மெஷின் வைக்க மறுத்தால், எப்படி இருக்கும்? உண்மையைச் சொல்லுங்கள்.

காட்பாடி_சிஸ்டர்
13 பிப்ரவரி, காலை 5.50

உண்மையையே சொல்கிறேன் ஐயா. இந்த நோயில் பெரும்பாலானவர்கள் மூச்சு முட்டித் துடித்துச் சாவதில்லை. மூச்சு ஆழம் குறைந்து, ரத்தத்தில் கரியமில வாயு ஏறி, தூக்கம் அதிகமாகி, அந்தத் தூக்கத்திலேயே போவார்கள். மருந்து கையில் இருக்க வேண்டும், கொடுக்கத் தெரிந்த ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்த இரண்டும் இல்லாத வீட்டில் கொடுமையாக இருக்கும். நான் பார்த்திருக்கிறேன். தவிப்பு எதற்கும் அடங்காவிட்டால், மயக்கத்தில் ஆழ்த்தி வைக்கும் முறையும் உண்டு. அது உயிரை முடிக்கும் மருந்து அல்ல. தவிப்பு தெரியாமல் வைக்கும் மருந்து.

நீங்கள் கேட்கும் தேதியை என்னால் தர முடியாது. நான் கிறிஸ்தவள், கைவராது. பயனில்லாத சிகிச்சையை விடலாம், வலி மருந்து கொடுக்கலாம் என்று 1957இலேயே போப் பன்னிரண்டாம் பயஸ் சொல்லிவிட்டார். நான் அந்த எல்லையில் நிற்பவள். ஆனால் உங்களிடம் வர முடியும். பாகாயம் எனக்கு பஸ்ஸில் முக்கால் மணி நேரம். ஞாயிறு கோயில் முடிந்து வருகிறேன், உங்கள் மனைவியிடமும் பேச வேண்டும்.

சத்துவாச்சாரி_வக்கீல்
13 பிப்ரவரி, காலை 8.30

பாகாயம் ஐயா, உங்களுக்குச் சட்டம் ஒன்றுமே தரவில்லை என்று நினைக்காதீர்கள். தெளிவான மனதுள்ளவர் எந்தச் சிகிச்சையையும் மறுக்கலாம். தொண்டைத் துளை, வென்டிலேட்டர் எதுவும் வேண்டாம் என்று இன்றைக்கே எழுதிவிடுங்கள். வயிற்றில் உணவுக் குழாய் பற்றியும் தனியாக, பெயர் சொல்லி எழுதுங்கள். அங்கேதான் குழப்பம் வருகிறது. போன வருடம் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு ஒரு பெற்றோர் போனார்கள். மகன் 2013இல் மாடியிலிருந்து விழுந்து நினைவில்லாமல் உணவுக் குழாயில் இருந்தார். வென்டிலேட்டரில் இல்லை, தானாக மூச்சு விடுகிறார் என்று சொல்லி மறுத்துவிட்டார்கள்.

நீங்கள் பேசும் நிலையில் இருக்கும்போதே எழுதுவது முக்கியம். பேச்சு போன பிறகு உங்களுக்காகப் பேச ஒருவரின் பெயரைப் போடுங்கள், இரண்டு பேர் பெயரும் போடலாம். ஒரு பிரதி குடும்ப மருத்துவரிடம் இருக்கட்டும். முத்திரைத்தாளில் எழுதிப் பீரோவில் பூட்டி வைத்தால் யாருக்கும் பயன் இல்லை. எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், ரத்து செய்யலாம். மற்றபடி நீங்கள் கேட்கும் அந்த உரிமையைப் பாராளுமன்றம்தான் தர வேண்டும். என் சொந்தக் கருத்து, அதைப் பேச ஆரம்பிக்கலாம், ஆனால் மாவட்டந்தோறும் சிஸ்டரைப் போலப் பத்துப் பேர் இருந்த பிறகு.

பாலாற்றங்கரை
13 பிப்ரவரி, இரவு 10.40

எல்லோருக்கும் நன்றி என்று சொன்னால் போதாது. இன்று சாயந்திரம் அம்மாவிடம் பேசினேன். நாலு நாளாகத் தள்ளிப்போட்டு, கடைசியில் அவர் பூ கட்டிக்கொண்டிருக்கும்போது கேட்டேன். பயந்தது நான்தான். அம்மா பயப்படவே இல்லை.

"உங்க நைனாவுக்குச் செஞ்சத எனக்குச் செய்யாத. மெஷினு வேணாம். கையைக் கட்டக் கூடாது. என்னைத் தனியா ஒரு ரூம்ல போட்டுட்டு வெளியில உக்காராத, பக்கத்துல இரு" என்றார். அவருக்கு மெஷினை விட அந்தக் கண்ணாடிக் கதவுதான் பெரிதாக இருந்திருக்கிறது. 11 நாளும் அவரை உள்ளே விடவில்லை, நான்தான் போய்வந்தேன். அது எனக்கு இத்தனை நாள் தோன்றவே இல்லை.

அப்புறம் யார் பெயரைப் போடுவது என்று கேட்டேன். என் பெயர் சொல்வார் என்றுதான் நினைத்தேன். தங்கச்சி பெயரைச் சொன்னார். "நீ பாசக்காரன்டா. ராத்திரி எனக்கு மூச்சு வாங்குனா நீ தூக்கிக்கிட்டு ஓடிருவ. அவ பக்கத்துல உக்காருவா" என்றார்.

தங்கச்சியிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சரி என்றாள்.

வக்கீல் சார், சனிக்கிழமை சத்துவாச்சாரிக்கு வந்தால் நோட்டரி இருப்பாரா?

சத்துவாச்சாரி_வக்கீல்
14 பிப்ரவரி, காலை 6.40

இருப்பார். 11 மணிக்குள் வாருங்கள். அம்மாவின் ஆதார் அட்டை, தங்கச்சி, இரண்டு சாட்சி. சாட்சிகள் வீட்டார் அல்லாதவர்களாக இருந்தால் நல்லது.

பாகாயம்_72
14 பிப்ரவரி, காலை 9.05

நானும் வருகிறேன். மகன் காரில் கொண்டுவருவான். வீல்சேர் ஏற வழி இருக்கிறதா?

சத்துவாச்சாரி_வக்கீல்
14 பிப்ரவரி, காலை 9.20

முன்வாசலில் ஐந்து படி, ஐயா. நீங்கள் காரிலேயே இருங்கள். நோட்டரியைக் கீழே அழைத்து வருகிறேன்.